ஸ்பீக்கர் ஒயருக்குள் என்ன ஓடுகிறது?

புனேயின் பழைய நகரத்தில் செம்பை நம்பி வாழும் தெருக்கள் இரண்டு உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். முதலாவது கஸ்பா பேட்டில் உள்ள தாம்பட் ஆளி. நம் ஊர்க் கணக்கில் கன்னார் தெரு. பேஷ்வாக்கள் காலத்தில் தழைத்த தொழில் இன்னும் அங்கே நடக்கிறது. செம்புக் குடத்தின் மேல் சுத்தியலால் புள்ளி புள்ளியாகத் தட்டித் தட்டி மினுக்கம் ஏற்றுகிறார்கள். தெருவுக்குள் நுழையும் முன்பே காதில் ‘டங் டங்’ என்று விழும். இரண்டாவது, புதவார் பேட்டில் உள்ள தப்கீர் கல்லி. தப்கீர் என்றால் மராத்தியில் மூக்குப்பொடி. ஆனால் இன்று அந்தச் சந்தில் விற்பது சுவிட்சு, பல்பு, ஆம்ப்ளிஃபையர் போர்டு, சுருள் சுருளாக ஒயர்.

முதல் தெருவில் செம்பு சத்தமாகப் பேசுகிறது. இரண்டாவது தெருவில் அது ஊமை. ஆனால் அந்த ஊமைச் செம்புதான் வீட்டுக்கு வந்து, ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே படுத்துக்கொண்டு, மிருதங்கத்தின் தொப்பி ஒலியையும் தம்பூராவின் ரீங்காரத்தையும் சுமக்கிறது.

ஸ்டீரியோ வாங்கிய எவரும் ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள்: எந்த ஒயரை வாங்குவது? சுருளிலிருந்து மீட்டர் கணக்கில் அளந்து வெட்டித் தருவதும் ஒயர்தான். வெல்வெட் பெட்டியில் நகைபோல் வைத்து, அதைப்போலப் பல மடங்கு விலை சொல்வதும் ஒயர்தான். விடை தெரிய வேண்டுமானால் ஒயருக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். இறங்கினால், விடையைவிடப் பெரிய ஆச்சரியங்கள் அங்கே காத்திருக்கின்றன.

முதலில் அந்தச் செம்பு வந்த வழியைப் பாருங்கள். கடையில் ‘2.5 ஸ்கொயர் எம்.எம்.’ என்று கேட்டால் கிடைக்கும் மல்டிஸ்ட்ராண்ட் ஒயரை நுனியில் சீவினால், உள்ளே பெரும்பாலும் 36 மெல்லிய இழைகள் இருக்கும். ஒவ்வொன்றின் தடிமனும் 0.3 மில்லிமீட்டர். கடைக்காரர் மொழியில் இது ‘36/0.3’. இழைகளின் வெட்டுமுகப் பரப்பைக் கூட்டினால் 2.54 சதுர மில்லிமீட்டர் வரும். பெயருக்கான கணக்கு அவ்வளவுதான்.

இந்த இழை பிறக்கும்போது 0.3 மில்லிமீட்டர் அல்ல. தொழிற்சாலைக்கு வரும்போது அது சுண்டுவிரலைவிட மெல்லிய, 8 மில்லிமீட்டர் செம்புக் கம்பி. கம்பியைவிடச் சற்றே சிறிய துளையுள்ள அச்சு ஒன்றின் வழியாக அதை இழுக்கிறார்கள். பிறகு இன்னும் சிறிய துளை, அதைவிடச் சிறிய துளை. மெல்லிய இழைகளுக்கு வரும்போது அந்த அச்சுகள் வைரத்தால் ஆனவை. 8 மில்லிமீட்டரில் தொடங்கிய ஒரு மீட்டர் கம்பி, 0.3 மில்லிமீட்டராக வெளியே வரும்போது 711 மீட்டர் நீண்டிருக்கும். ஒரு தெருவின் நீளம்! வழியில் எங்கும் அறுந்துவிடக் கூடாது.

இழுக்க இழுக்கச் செம்பு விறைத்துப்போகும். தாம்பட் ஆளியின் கன்னார்களுக்கு இது நன்றாகத் தெரியும். சுத்தியலால் தட்டிய செம்பு இறுகும்; நெருப்பில் காய்ச்சினால் மறுபடி இளகும். ஒயர் ஆலையிலும் இதே வித்தைதான். விறைத்த இழையைச் சூடேற்றி ஆறவிட்டு மெத்தென்று ஆக்குகிறார்கள். சோபாவின் பின்னால் ஒயரை வளைத்து விடும்போது அது முரண்டு பிடிக்காமல் படிகிறதே, அந்த நெருப்பின் தயவு அது. புனேக்கு இதில் தனி உரிமையும் உண்டு. ஃபினோலெக்ஸ் கேபிள்ஸ் நிறுவனம் 1958-ல் இந்த நகரத்தில்தான் தொடங்கியது. வாகனங்களுக்கான பி.வி.சி. உறையிட்ட ஒயர்தான் அதன் முதல் சரக்கு.

இப்போது ஆம்ப்ளிஃபையரை முடுக்குவோம். பாட்டு தொடங்கியதும் ஒயருக்குள் என்ன நடக்கிறது? குழாயில் தண்ணீர் போல எலக்ட்ரான்கள் ஆம்ப்ளிஃபையரில் கிளம்பி ஸ்பீக்கருக்குப் பாய்வதாகத்தான் நம்மில் பெரும்பாலோர் நினைத்திருப்போம். அப்படி ஒன்றுமே நடப்பதில்லை. ஸ்பீக்கருக்குப் போவது மாறுதிசை மின்னோட்டம். எலக்ட்ரான்கள் முன்னே ஓர் அடி, பின்னே ஓர் அடி என்று நின்ற இடத்திலேயே ஊசலாடுகின்றன. ‘அடி’ என்ற சொல்கூட மிகப் பெரியது. நன்றாகச் சத்தம் வைத்துக் கேட்கும்போது 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் 1 ஆம்பியர் உச்சம் தொடும் மின்னோட்டம் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒலி நொடிக்கு 1000 அதிர்வு கொண்டதானால், எலக்ட்ரான்கள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகரும் தூரம் சுமார் 9 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டு அதில் ஒன்பது பங்கை எடுத்தது போல. செம்பு அணுக்களை வரிசையாக நிறுத்தினால் நாற்பதுகூட அந்த இடத்தில் கொள்ளாது.

உங்கள் ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் ஓர் எலக்ட்ரான், பாட்டு கேட்டு ஸ்பீக்கர் வரை வந்து சேர்ந்ததே கிடையாது. செய்தி மட்டும்தான் போகிறது. அதுவும் என்ன வேகம்! ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேல். 5 மீட்டரைக் கடக்க, ஒரு நொடியை மூன்று கோடியாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு நேரம் போதும். அந்தச் செய்தியைச் சுமக்கும் ஆற்றல் பயணம் செய்வது செம்பின் உள்ளேகூட இல்லை. ஒயரைச் சுற்றியும் இரண்டு கம்பிகளுக்கு இடையிலும் இருக்கும் மின், காந்தப் புலங்களில். ஜான் ஹென்றி பாய்ன்டிங் 1884-ல் இதைக் கணிதமாக எழுதிக் காட்டினார். செம்பு அந்தப் பயணத்துக்கு வழிகாட்டும் தண்டவாளம். எனக்கு இதைப் படித்த நாளிலிருந்து சாதாரண ஒயரைக் கூடச் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை.

தண்டவாளம் என்றால் உராய்வு இருக்குமே? இருக்கிறது. அதன் பெயர் மின்தடை. அளக்கும் அலகு ஓம். ஒயரைத் தேர்ந்தெடுப்பதில் முக்கால்வாசி விஷயம் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயரில் ஆயிரம் மீட்டருக்கு மின்தடை சுமார் 8 ஓம். ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கருக்கு 5 மீட்டர் என்றால், போக 5, வர 5, ஆகப் பத்து மீட்டர் செம்பு. அதன் மின்தடை 0.08 ஓம்.

இது பெரிதா, சிறிதா? ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால்தான் தெரியும். ஸ்பீக்கரின் முதுகில் ‘8 ஓம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாறுதிசை மின்னோட்டத்துக்கு அது காட்டும் மொத்த எதிர்ப்பு அது. தமிழில் மின்னெதிர்ப்பு, கடையில் இம்பீடன்ஸ். மெக்கின்டாஷ் நிறுவனத்தில் ஸ்பீக்கர் வடிவமைத்த ரோஜர் ரஸ்ஸல் ஓர் எளிய வரம்பு சொன்னார்: போகவர உள்ள ஒயரின் மின்தடை, ஸ்பீக்கரின் மின்னெதிர்ப்பில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 0.4 ஓம். அந்த விளிம்பிலேயே நின்றால்கூட ஒலி குறைவது அரை டெசிபலுக்கும் கீழே. பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும் காதுக்கு அது எட்டுவது அரிது.

நம் கடைகளில் கிடைக்கும் அளவுகளை இந்த வரம்பில் போட்டுப் பார்த்தேன். அழகான ஒரு வாய்ப்பாடு கையில் விழுந்தது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு, ஸ்கொயர் எம்.எம். எண்ணைப் பத்தால் பெருக்குங்கள்; அத்தனை மீட்டர் தூரம் வரை அந்த ஒயர் தாங்கும். 0.75 என்றால் ஏழரை மீட்டர். 1.5 என்றால் 15. 2.5 என்றால் 25. ஸ்பீக்கர் 4 ஓம் ஆனால் ஐந்தால் பெருக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டின் ஹாலில், டி.வி. ஸ்டாண்டின் இரு பக்கமும் நிற்கும் ஸ்பீக்கர்களுக்கு ஐந்தாறு மீட்டருக்கு மேல் தேவைப்படாது. அங்கே 1.5 போதும். 2.5 தாராளம்.

ரயில் நிலையத்தில் 200 மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கருக்கு? வாய்ப்பாட்டின்படி 20 ஸ்கொயர் எம்.எம். வேண்டும். அந்தக் கனத்தில் ஊரெங்கும் செம்பு இழுத்தால் கட்டுப்படியாகாது. பொறியாளர்கள் அங்கே வேறு வழி கண்டார்கள். ஒரு மின்மாற்றியை வைத்து மின்னழுத்தத்தை 100 வோல்ட்டாக உயர்த்திவிடுகிறார்கள். அழுத்தம் ஏறினால் அதே ஆற்றலுக்குத் தேவைப்படும் மின்னோட்டம் குறையும். 10 வாட்டுக்கு 0.1 ஆம்பியர் போதும். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இன்னொரு மின்மாற்றி அதை இறக்கிக் கொடுக்கும். அனல்மின் நிலையத்திலிருந்து உயர்கோபுரங்கள் வழியாக மின்சாரம் வரும் அதே உத்தி.

ஸ்பீக்கருக்குள் போவோம். அங்கேயும் செம்புதான். கூம்புக்குப் பின்னால் ஒரு காந்தத்தின் இடுக்கில், முடிபோன்ற செம்புக் கம்பியைப் பல மீட்டர் சுற்றிய சிறு சுருள் ஒன்று இருக்கிறது. ஒலிச்சுருள் என்பார்கள், மெக்கானிக்குக்கு அது வாய்ஸ் காயில். 8 ஓம் ஸ்பீக்கரில் இந்தச் சுருளின் மின்தடை மட்டும் சுமார் 6 ஓம். நாம் மண்டையை உடைத்துக்கொள்ளும் ஒயரின் 0.08 ஓமைவிட அது 75 மடங்கு. சாதாரண வீட்டு ஸ்பீக்கருக்குள் செல்லும் மின்னாற்றலில் நூற்றுக்கு அரைப் பங்குகூட ஒலியாவதில்லை. மீதியெல்லாம் அந்தச் சுருளில் சூடாகிறது. சுருள் 50 டிகிரி சூடேறினால் அதன் மின்தடை ஒரு ஓமுக்கும் மேல் கூடிவிடும். புனேயின் ஜனவரி விடியற்காலைக்கும் ஏப்ரல் நடுப்பகலுக்கும் இடையே முப்பது டிகிரி வித்தியாசம் வரும். அத்தனை மாற்றத்திலும் தரையில் கிடக்கும் ஒயரின் மின்தடை கூடுவது 0.01 ஓம்கூட இல்லை. ஒரே பாட்டின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே ஸ்பீக்கர் தனக்குள் மாறிக்கொள்வது, ஒயர் ஓர் ஆண்டு முழுவதும் மாறுவதைவிட நூறு மடங்கு அதிகம்.

அடுத்ததைக் கண்ணால் பார்க்கலாம், விரலால் உணரலாம். ஸ்பீக்கர் ஒலி எழுப்பும் கருவி மட்டுமில்லை, மின்சாரம் எழுப்பும் ஜெனரேட்டரும்கூட. கூம்பு அசைந்தால், காந்தத்துக்குள் சுருள் அசையும், மின்சாரம் பிறக்கும். நீங்களே சோதித்துப் பாருங்கள். ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒயரை முழுவதும் கழற்றிவிடுங்கள். பெரிய ஸ்பீக்கரின் கூம்பை விரலால் மெல்லத் தட்டுங்கள். ‘தும்ம்’ என்று நீளும். இப்போது ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு முனைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டுத் தட்டுங்கள். ‘தப்’ என்று அடங்கும். கூம்பு பெற்றெடுத்த மின்சாரமே ஒயர் வழியாகச் சுற்றிவந்து அதைப் பிடித்து நிறுத்துகிறது. இதை அதிர்வடக்கம் என்று சொல்லலாம்.

ஆம்ப்ளிஃபையர் இணைந்திருக்கும்போது இந்தக் கடிவாளம் அதன் கையில் இருக்கிறது. கடிவாளத்தின் வார் நம் ஒயர். புனேயில் 1953 முதல் நடந்துவரும் சவாய் கந்தர்வ விழாவில் ஒலித்த கச்சேரிப் பதிவு ஒன்றை வீட்டில் போடுகிறீர்கள். தபலாவின் இடதுகை அடி விழுந்த கணத்தில் கூம்பு முன்னே பாய்ந்து, அடி முடிந்ததும் நிற்க வேண்டும். ஒயர் மிகமிக மெல்லியதாக இருந்தால் வார் தளர்ந்துபோகும்; கீழ்ச்சுருதி கொஞ்சம் குழையும். அளவான செம்பு இருந்துவிட்டால் போதும். அதற்கு மேல் எவ்வளவு தடியாக்கினாலும், சுருளின் 6 ஓம் அந்த வழியிலேயே குந்திக்கொண்டிருக்கிறது. பிடி மேலும் இறுகாது.

விலையுயர்ந்த ஒயர்களின் விளம்பரத்தில் ‘மேற்பரப்பு விளைவு’ என்று ஒன்று வரும். அதிர்வு கூடக்கூட மின்னோட்டம் கம்பியின் நடுவை விட்டு ஓரத்துக்கு ஒதுங்கும். இயற்பியல் மெய்தான். காது கேட்கும் எல்லையான 20,000 அதிர்வில் அது சுமார் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குள் கூடிக்கொள்ளும். அதனால் நம் ஒயரின் 0.08 ஓம், 0.10 ஆகலாம். அவ்வளவே. இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒயர் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்ற பேச்சும் அப்படித்தான். ஒரு பக்கம் 2 மீட்டர் கூடினால் ஏற்படும் தாமதத்தில், ஒலி காற்றில் நகரும் தூரம் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு. நாற்காலியில் நீங்கள் தலையைச் சற்றுச் சாய்த்தால் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மாறிவிடும்.

மின்தூண்டல் என்ற ஒன்றை மட்டும் மதிக்க வேண்டும். போகும் கம்பியும் வரும் கம்பியும் விலகி நின்றால், நடுவில் காந்தப் புலம் பரந்து மேற்சுருதிகளை இழுத்துப் பிடிக்கும். அணைந்து கிடந்தால் ஒன்றின் புலத்தை மற்றது அழித்துவிடும். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கிய தனித்தனி ஒயர் மிச்சம் இருந்தால் அதைப் பயன்படுத்தத் தடையில்லை. சிவப்பை ஒரு சுவரிலும் கறுப்பை மறு சுவரிலும் ஓட்டாமல், இரண்டையும் சடைபோல் முறுக்கி விடுங்கள். டிரில்லிங் மெஷினின் வாயில் இரு நுனிகளையும் மாட்டி மெதுவாகச் சுற்றினால் நிமிடத்தில் முறுக்கு ஏறிவிடும்.

1970-களின் பிற்பகுதி வரை உலகமெங்கும் ஸ்பீக்கருக்கு விளக்கு ஒயரைத்தான் மாட்டினார்கள். அமெரிக்காவில் நோயல் லீ என்ற பொறியாளர் மான்ஸ்டர் கேபிள் என்று தடித்த ஒயரை விற்கத் தொடங்கிய பிறகுதான் இது தனிச் சந்தையானது. 1983-ல் லாரன்ஸ் கிரீன்ஹில் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ இதழுக்காக ஒரு சோதனை நடத்தினார். எந்த ஒயர் ஓடுகிறது என்று சொல்லாமல் கேட்க வைத்தார். சோதனைக்கென்றே எழுப்பிய சீரான இரைச்சலில், மிக மெல்லிய ஒயரைக் காதுகள் இனம் கண்டன. மின்தடையால் ஒலி குறைந்திருந்ததே அதற்குக் காரணம். சேர்ந்திசைப் பாடலை ஒலிக்கவிட்டபோது கண்டுபிடிக்க முடியவில்லை. பெட்டியில் வரும் ஒயருக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்குக் கொடுங்கள் என்பதே என் தீர்ப்பு.

ஆனால் விலை குறைந்த பக்கம் ஒரு கண்ணி இருக்கிறது. செம்பு முலாம் போட்ட அலுமினியம். பார்வைக்கு அச்சு அசல் செம்பு. கடத்தும் திறனோ செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. நம் வாய்ப்பாட்டில் பத்துக்குப் பதில் ஆறால்தான் பெருக்க வேண்டும். செம்பு அலுமினியத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கனம். எனவே சுருளைக் கையில் தூக்கும்போதே லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். வெளியே வெள்ளையாக இருந்து உள்ளே சிவந்தால் வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு; பயமின்றி வாங்கலாம். ‘ஆக்சிஜன் நீக்கிய செம்பு’ என்று அச்சிட்டிருந்தால் மகிழ்ச்சி, ஆனால் அதற்காகக் கூடுதல் விலை வேண்டாம். சாதாரண மின்கம்பிச் செம்பே 99.9 சதவீதம் தூயது. கடத்துவதில் வேறுபாடு நூற்றுக்கு ஒன்று.

வாங்கி வந்தாயிற்று. இனி இணைப்பில்தான் கவனம் வேண்டும். ஒயரின் ஒரு பக்கத்தில் கோடோ எழுத்தோ இருக்கும். அந்தப் பக்கத்தை ஆம்ப்ளிஃபையரிலும் ஸ்பீக்கரிலும் சிவப்பு முனைக்கே கொடுங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால், ஒரு கூம்பு காற்றைத் தள்ளும் நேரத்தில் மற்றது இழுக்கும். 50 அதிர்வுள்ள கீழ்ச்சுருதியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். இரண்டு மீட்டர் இடைவெளியில் நிற்கும் ஸ்பீக்கர்கள் அதை ஒன்றுக்கொன்று தின்று தீர்த்துவிடும். எந்த விலையுயர்ந்த ஒயரும் செய்யாத மாற்றத்தை இந்தச் சிறு தவறு செய்துவிடும். அடையாளக் கோடு மங்கிப்போயிருந்தால், ஆம்ப்ளிஃபையர் பக்கத்து நுனிகளைக் கழற்றி ஒன்றரை வோல்ட் பென் டார்ச் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். கூம்பு முன்னே வந்தால், பேட்டரியின் கூட்டல் முனை தொட்ட ஒயர்தான் சிவப்புக்கு உரியது.

நுனியை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே சீவுங்கள். 36 இழைகளையும் இறுக முறுக்கி முழுதாக உள்ளே செலுத்துங்கள். ஓர் இழை விலகிப் பக்கத்து முனையைத் தொட்டால்கூட ஆம்ப்ளிஃபையருக்கு ஆபத்து. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். நுனி கறுத்திருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டுங்கள். அப்படி வெட்டுவதற்கென்றே, அளந்த தூரத்தைவிட ஒரு மீட்டர் கூடுதலாக வாங்கி வையுங்கள்.